தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்

செப்டம்பர் பிறந்தால் மைசூரில் இரண்டு திருவிழா. ஒன்று தசரா ஏற்பாடு. காட்டிலிருந்து யானைகள் வந்து அரண்மனை வளாகத்தில் இறங்கியிருக்கும். வந்த கையோடு அவற்றை எடைமேடையில் ஏற்றி நிறுத்துவார்கள். அபிமன்யு இத்தனை கிலோ, போன வருஷத்தைவிட இத்தனை கூட என்று மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வரும். 750 கிலோ அம்பாரியைச் சுமக்கப்போகிறவனின் தேக நிலை ஊருக்குத் தெரிய வேண்டாமா? இன்னொரு திருவிழா மகாசபை. மார்ச்சில் கணக்கு முடித்த சங்கங்கள் செப்டம்பருக்குள் உறுப்பினர்களைக் கூட்டியாக வேண்டும். அங்கே மட்டும் எதையும் எடைமேடையில் ஏற்ற மாட்டார்கள். யானையிடம் இருக்கிற வெளிப்படைத்தன்மையைச் செயலாளரிடம் எதிர்பார்ப்பது தப்பு. யானைக்குக் கணக்கு எழுதத் தெரியாது.

எங்கள் விஜயநகரில் சங்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. முதல் ஸ்டேஜிலிருந்து நாலாம் ஸ்டேஜ் வரை ஜாதிக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, ஓய்வுபெற்ற இலாகாவுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று, பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒன்று, நடந்து முடித்துக் கைதட்டிச் சிரிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நான் சந்தா கட்டுகிற சங்கம் எது என்று சொல்லப்போவதில்லை. படிக்கிற ஒவ்வொரு நிர்வாகிக்கும் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

இந்த வருஷ அழைப்பிதழ் கல்யாணப் பத்திரிகைத் தாளில், தங்க எழுத்தில் வந்தது. பிரார்த்தனை, வரவேற்பு, மறைந்தவர்களுக்கு அஞ்சலி, பிரதிபா புரஸ்காரம், சாதனையாளர் கௌரவிப்பு என்று வரிசையாகப் போய், ‘வரவு செலவு அறிக்கைக்கு ஒப்புதல்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. கடைசியில் ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’. இந்த ஆண்டின் புதுமை நடுவில் இருந்தது: ‘சங்கம் உறுப்பினர்களுக்கு அளிக்கும் மதிப்பை வலுப்படுத்துதல்: சிறப்புரை.’ இதற்காகப் பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். கார் வாடகை, தங்கும் அறை எல்லாம் சங்கச் செலவு. என் மதிப்பை வலுப்படுத்த என் காசு.

அவர் திரையில் வட்டமும் அம்புக்குறியுமாகக் காட்டினார். மெம்பர் எக்ஸ்பீரியன்ஸ் என்றார், என்கேஜ்மென்ட் என்றார். “உங்கள் மெம்பர்களைக் கஸ்டமர்களாக நினைத்துப் பாருங்கள்” என்று சொல்லி நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருந்தார். மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள். ஏன் தட்ட மாட்டார்கள்? முதலாளியாக உட்கார்ந்திருந்த ஐந்நூறு பேரை ஒரே வாக்கியத்தில் வாடிக்கையாளராக இறக்கிவிட்டார் அல்லவா? கடைக்கு வந்தவன் கல்லாவைத் திறந்து காட்டு என்று கேட்க முடியாது. பொருள் பிடிக்கவில்லையென்றால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். சங்கத்தில் அப்படியா? அந்தக் கல்லாவே என்னுடையது. அதன் சாவியை ஒருவரிடம் இரண்டு வருஷத்துக்குக் கொடுத்துவைத்திருக்கிறேன். சாவி வைத்திருப்பவர் என்னைப் பார்த்து, “வாடிக்கையாளரே, உங்களுக்கு வேறென்ன சேவை செய்யட்டும்?” என்று குழைந்தால் எனக்குப் பயம் வருமா, மரியாதை வருமா?

சேவைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லக்கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி அட்டை. அதைக் காட்டினால் லேப் பெண், “எல்லாருக்குமே பதினைந்து பர்சென்ட் சார், இது எதுக்கு?” என்கிறாள். ஒரு வாட்ஸாப் குழு. அதில் நிர்வாகிகள் மட்டுமே பேசலாம். என் பிறந்த நாளன்று காலை ஆறு மணிக்கு வாழ்த்துச் செய்தி வரும். அதில் என் பெயர் பொடியாகவும் தலைவர் படம் பெரிதாகவும் இருக்கும். பிறந்தது நான். அப்புறம் காலண்டர். மாதத்துக்கு ஒரு நிர்வாகி. மார்ச் மாதத்தில் பொருளாளர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கணக்கு முடிக்கிற மாதம், சிரிக்கத்தான் செய்வார்.

கௌரவிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை, சால்வை, சந்தன மாலை, செல்லோஃபேன் சுற்றிய பழக்கூடை, நினைவுப் பரிசு: ஆளுக்கு ஐந்து உருப்படி. தலைவர் முன்னாள் தலைவருக்குப் பேட்டா வைத்தார். முன்னாள் தலைவர் இந்நாள் தலைவருக்குச் சால்வை போர்த்தினார். செயலாளர் இருவருக்கும் மாலை போட, இருவரும் சேர்ந்து செயலாளருக்குப் போட்டார்கள். பேட்டா சிலருக்குப் பெரிதாகி மூக்கு வரை இறங்கியது. ஃபோட்டோகிராஃபர் “மேலே தூக்குங்க சார்” என்று கத்தினார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்? இந்தக் கூத்து ஒன்றரை மணி நேரம்.

வரவு செலவு நாலு நிமிஷம். பொருளாளர் மூச்சு விடாமல் படித்தார். ‘இதரச் செலவு’ என்று ஒரு இனம், ‘இதர இதரச் செலவு’ என்று சொல்லாத குறையாக அடுத்து ஒன்று. நூலகத்துக்கு வாங்கிய புத்தகம் ஃபிளெக்ஸ் பேனர் வரிக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. “அனுமோதனே, அனுமோதனே” என்று முன்வரிசை கத்தியது. ஒப்புதலாம். அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர்.

“தலைவரே, போன வருஷ அறிக்கையில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருந்ததே. இந்த வருஷம் காணோமே?”

“அண்ணா, நீங்க சீனியர். ஆபீசுக்கு வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்.”

“ஆபீஸ் பூட்டியே கிடக்கே?”

சமையல்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஊட்டா ஆரி ஹோகுத்தே சார்.” சாப்பாடு ஆறிப்போகிறதாம். ஐந்நூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்த சத்தத்தில் ஃபிக்ஸட் டெபாசிட் அடங்கிப்போனது. பிசிபேளேபாத், கோசம்பரி, ஒரு துண்டு மைசூர் பாக். வாசலில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொண்டோம். அந்தக் கையெழுத்து டப்பாவுக்கா, தீர்மானத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை.

இதே விஜயநகர் முதல் ஸ்டேஜில் யோக நரசிம்ம சுவாமி கோயில் இருக்கிறது. புது வருஷத்தன்று வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே 2 லட்சம் லட்டு கொடுக்கிறார்கள். சந்தா கேட்பதில்லை, உறுப்பினர் அட்டை கேட்பதில்லை, இன்ன ஜாதியா என்று கேட்பதில்லை. இனிப்புத்தான் உறுப்பினர் பயன் என்றால், நான் வரிசையில் நின்று லட்டு வாங்கிக்கொள்கிறேன். வருஷச் சந்தா கட்டிச் சங்கம் எதற்கு?

எதற்கு என்று உலகுக்குக் காட்டியவர்கள் இங்கிலாந்தில் ராச்டேல் ஊர்க்காரர்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். 28 பேர் சேர்ந்து, 28 பவுண்டு முதல் போட்டு, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சந்தில் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, சரக்கு அவ்வளவுதான். ஊர்க் கடைகளில் மாவில் சுண்ணாம்புத் தூளும் படிகாரமும் கலந்த காலம் அது. இவர்கள் கொடுத்தது கலப்படமில்லாத மாவு, சரியான எடை, வாங்கியதற்கு ஏற்றபடி லாபத்தில் பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்கு அதிகம் வைத்தவனுக்கும் ஒரே ஓட்டு. யாருக்கும் யாரும் சால்வை போர்த்தியதாகச் சரித்திரம் சொல்லவில்லை.

அந்தக் காற்று நம் பக்கமும் அடித்தது. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்த அதே ஆண்டு சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். மறு வருஷம் கதக் பக்கம் கணகினஹாளில் சித்தனகௌட பாட்டீல் கிராமத்துக் கடன் சங்கம் தொடங்கினார். கர்நாடகக் கூட்டுறவுக்காரர்கள் மேடைதோறும் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். படம் கணக்குக் கேட்காது என்ற தைரியம்தான்.

எவர்சில்வர் டப்பாவையும் காலண்டரையும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மனைச் சங்கங்களுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை. கர்நாடகத்தில் ‘சைட்’ என்பது ஒரு வாழ்நாள் வேண்டுதல். முப்பதுக்கு நாற்பது அடி. அதற்காக வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, பி.எஃப். கடன் போட்டு, மனைவியின் வளையலை அடகு வைத்துத் தவணை கட்டுவார்கள். சங்கம் தன் பெயரில் ‘பொதுக் காரியம்’ என்று சொல்லி அரசைக் கொண்டு விவசாயி நிலத்தைக் கையகப்படுத்த வைக்கும். இந்த ஏற்பாட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று 1980களில் ஜி.வி.கே. ராவ் விசாரணை பெங்களூர்ச் சங்கங்களைக் குடைந்து பார்த்தது. பிறகு எச்.எம்.டி. ஊழியர் வீட்டுவசதிச் சங்க வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் தீர்ப்பு வந்தது. அரசிடம் பேசி நிலத்தைக் கையகப்படுத்தித் தர ஒரு தனியார் நிறுவனத்தோடு சங்கம் ஒப்பந்தம் போட்டிருந்தது. பணம் கைமாறும் ஏற்பாடு. நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலையே ரத்து செய்து, நிலத்தை உடையவர்களிடம் திருப்பச் சொன்னது. சரியான தீர்ப்புத்தான். விவசாயிக்கு நிலம் திரும்பியது. இடைத்தரகரை அழைத்து வந்த நிர்வாகிகள் எந்தக் குடிசைக்கும் போய்விடவில்லை. தவணை கட்டிய கடைநிலை ஊழியன் மட்டும் ரசீதுக் கட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றான். ‘உறுப்பினருக்கு அளிக்கும் மதிப்பு’ என்று பெங்களூர்க்காரர் சொன்னபோது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

மனைக்கு இத்தனை விலை எங்கள் பக்கத்தில் இருப்பதை 2024இல் டெல்லித் தொலைக்காட்சிகளும் தெரிந்துகொண்டன. முடா என்கிற மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம், கேசரெயில் 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக, முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவிக்கு விஜயநகர் 3, 4ஆம் ஸ்டேஜ்களில் 14 மனைகள் ஒதுக்கியது விவகாரமானது. அக்டோபரில் மனைகள் முடாவுக்கே திரும்பின. மறு வருஷம் லோகாயுக்த போலீஸ், ஆதாரம் போதாது என்று அறிக்கை கொடுத்தது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் நடந்த பேச்சு வேறு. “அவங்களுக்கு நம்ம ஏரியாவில் மாற்று மனையாவது கிடைச்சுது. நான் சொசைட்டியில் கட்டின பணத்துக்கு மாற்று ரசீதுகூடக் கிடைக்கல” என்றார் பால் பூத்தில் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பணத்தை மண்ணில் போடாமல் வங்கியில் போட்டவர்கள் தப்பித்தார்களா? பெங்களூர் பசவனகுடியில் ஸ்ரீ குரு ராகவேந்திர சககார வங்கி என்று ஒரு கூட்டுறவு வங்கி. மற்ற வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி, நம்மவர்கள் நடத்துகிற வங்கி, பெயரிலேயே சுவாமி. ஓய்வூதியக்காரர்கள் கிராஜுவிட்டியைக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தார்கள். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கதவைச் சாத்தியது: ஆளுக்கு 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது. கணக்கில் 40 லட்சம் இருந்தாலும் 35,000தான். டெபாசிட் காப்பீட்டையும் அப்போதுதான், அடுத்த மாத பட்ஜெட்டில், 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். மகாசபையில் வருஷா வருஷம் “அனுமோதனே” சொன்ன அதே வாய்கள் கூட்டம் போட்டு அழுதன. இதைச் சொல்லிக்காட்டுவது கொடூரம் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அழுகையில் ஒரு பங்கு, சாப்பாடு ஆறிப்போகிறதே என்று நாம் நாற்காலியைப் பின்னால் தள்ளியபோதே தொடங்கியது.

சரி, பிடிக்கவில்லையென்றால் ஓட்டுப் போட்டு மாற்ற வேண்டியதுதானே என்பார்கள். மாற்றலாம். கர்நாடகக் கூட்டுறவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: மகாசபைக்குக் குறிப்பிட்ட தடவை வராத உறுப்பினருக்கு வாக்கில்லை. நோக்கம் நல்லதுதான், உறுப்பினர் அக்கறையோடு வர வேண்டுமாம். வந்தான் வரவில்லை என்று எழுதுகிற நோட்டு யார் மேஜையில் இருக்கிறது? நோட்டீஸ் அனுப்பியதற்குப் பதிவேடு இருக்கும். வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. தேர்தல் வந்தால் எதிரணிக்காரர்களின் பெயரெல்லாம் பட்டியலிலிருந்து மாயமாகும். அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடி இடைக்கால உத்தரவோடு மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். சங்கம் அமைப்பது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தந்த அடிப்படை உரிமை. கூட்டுறவுச் சங்கம் என்ற சொல்லையும் 2011 திருத்தம் அதில் சேர்த்தது. அமைத்த சங்கத்தில் ஓட்டுப் போட மட்டும் வக்கீல் வேண்டும்.

சென்னையிலும் இந்த லட்சணம்தான். தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு 2019 ஜூன் 23 அன்று தேர்தல் நடந்தது. ஓட்டுகளை எண்ணியது 2022 மார்ச் 20. இடையில் ஒரு கொரோனாவே வந்துபோய்விட்டது. நாடகத்தில் வேஷம் கட்டிப் பிழைக்கிற ஏழைக் கலைஞன் ரயிலேறி வந்து போட்ட சீட்டு, பெட்டிக்குள் இரண்டே முக்கால் வருஷம் கிடந்தது. அறுபது கோடிக்கும் மேலான ஓட்டை ஒரு பகலில் எண்ணுகிற தேசம் இது.

பதிவு பெற்ற சாதாரணச் சங்கங்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்று அந்த ரயில்வே பெரியவர் எனக்குக் காட்டினார். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960. அதன் 25ஆம் பிரிவு. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் கேட்டால், அல்லது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால், பதிவாளர் விசாரித்தே ஆக வேண்டும். முதல் வழி வெகு அழகு. சாவி வைத்திருப்பவர்களே பெரும்பான்மையாகச் சேர்ந்து, “எங்களை விசாரியுங்கள்” என்று விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் நானே பேட்டா வாங்கித் தருகிறேன். இரண்டாவது வழி, மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிய உறுப்பினர் பட்டியல் வேண்டும். பட்டியல் செயலாளர் பீரோவில். பீரோ ஆபீசில். ஆபீஸ் பூட்டு. வாட்ஸாப் குழுவில் அத்தனை பேர் எண்ணும் இருக்கிறதே என்று ஒரு இளைஞர் யோசனை சொன்னார். மறு வாரமே குழுவை யாரும் யார் எண்ணையும் பார்க்க முடியாத ‘கம்யூனிட்டி’யாக மாற்றிவிட்டார்கள். உறுப்பினர்களின் அந்தரங்கத்தைக் காக்கவாம். பதினைந்து வருஷமாக அச்சடித்து அனுப்பிய டைரக்டரியில் என் ரத்த வகை வரை போட்டவர்களுக்கு என் அந்தரங்கத்தின் மேல் திடீரென்று இத்தனை கரிசனம்.

மதிப்பை வலுப்படுத்த என்னிடமும் யோசனை உண்டு. பெங்களூரிலிருந்து கார் அனுப்ப வேண்டாம். மகாசபைக்குப் பதினைந்து நாள் முன்பே கணக்கை வீட்டுக்கு அனுப்புங்கள். வங்கிப் புத்தகத்தின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கணக்கை முதலில் வைத்து, கௌரவிப்பைச் சாப்பாட்டுக்குப் பின்னால் வையுங்கள். யார் உண்மையான சாதனையாளர் என்று காத்திருந்து பார்க்கிற கூட்டமே சொல்லிவிடும். இரண்டு தடவைக்கு மேல் ஒரே ஆள் ஒரே நாற்காலியில் உட்காரக்கூடாது. இதில் எதற்கும் காசு செலவாகாது. அதனால்தான் எந்தத் தீர்மானத்திலும் இது வருவதில்லை. செலவே இல்லாத காரியத்தில் யாருக்கு என்ன லாபம்?

உறுப்பினர் பட்டியலின் நகல் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, எழுத்து மூலம் மனுக் கொடுத்தேன். பதில் வந்துவிட்டது; தாமதம் என்று குறை சொல்ல முடியாது. தங்க எழுத்துத் தாள். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. மேலும், சங்கத்தின்மீது தாங்கள் காட்டிவரும் நீண்டகால ஈடுபாட்டைப் பாராட்டி, அடுத்த மகாசபையில் தங்களைக் கௌரவிப்பதெனச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. பேட்டாவுக்குத் தங்கள் தலை அளவை உடனே தெரிவிக்கவும்.’